காட்டுப் பக்கம் போகிற டிரைவர்

போன மாதம் என் மருமகன் என்னை கோல்ஃப் சாமான்கள் விற்கும் கடை ஒன்றுக்கு அழைத்துப் போனார். அவருக்குப் புது டிரைவர் வேண்டுமாம். கோல்ஃப் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். பையில் இருக்கிற தடிகளிலேயே நீளமானது, முதல் அடியில் பந்தை வெகுதூரம் அனுப்புவதற்கென்று உள்ளது, அதற்குத்தான் டிரைவர் என்று பெயர். இந்தக் காலத்து டிரைவரின் தலை ஒரு சின்னப் பப்பாளி அளவுக்கு இருக்கிறது. தட்டினால் தகர டப்பா போலச் சத்தம் வருகிறது. கடைக்காரர் மருமகனை ஒரு வலைக்கு முன்னால் நிறுத்தி அடிக்கச் சொன்னார். பந்து வெளியில் பறந்திருந்தால் எந்தப் பக்கம் வளைந்திருக்கும் என்று பக்கத்திலிருந்த கணினி கோடு போட்டுக் காட்டியது. மருமகன் ஆறு டிரைவர்களை மாற்றி மாற்றி அடித்தார். ஆறு கோடும் வலது பக்கமே வளைந்தன. "எல்லா டிரைவரும் சரியில்ல லா மாமா," என்று அலுத்துக்கொண்டவருக்கு உடனே ஒரு யோசனை வந்துவிட்டது. கடைக்காரரிடம் திரும்பி, "மாமாகிட்ட ஒரு டிரைவர் கதை இருக்கு. கேட்டா வயிறு வலிக்கும். சொல்லுங்க மாமா," என்றார்.

சொன்னேன். கல்யாண வீட்டுப் பந்தலிலும், பணி ஓய்வு விருந்துகளிலும், பேரப்பிள்ளைகளின் நண்பர்களிடமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை அது. எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கடைக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆனால் எங்கே எதை விட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும். விட்டதையும் சேர்த்து ஒரு தடவை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. கெர்லிங் சாலையிலிருந்து உள்ளே நாலு மைல் தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக இருந்தேன். கல்யாணமாகி ஐந்து மாதம். கம்யூனிஸ்ட்காரர்களை அடக்க மலாயாவில் வெள்ளைக்கார அரசு போட்ட அவசரகாலம் உச்சத்தில் இருந்த நேரம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடிச் சோறுகூட வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம். கேட்டில் துப்பாக்கியுடன் சிறப்புப் போலீஸ்காரர்கள் நின்று ஒவ்வொரு தூக்குச்சட்டியையும் திறந்து பார்ப்பார்கள். அந்த நாளில் யாரும் 'கம்யூனிஸ்ட்' என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. 'காட்டுப் பக்கம்' என்பார்கள். 'அவன் காட்டுப் பக்கம் போறவன்' என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால் போதும், அடுத்த நாள் அவன் இருக்க மாட்டான். விசாரணை கிடையாது. எத்தனை நாள் என்ற கணக்கும் கிடையாது. சிலரைக் குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் துரைக்கு, தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜருக்கு, கோல்ஃப் பைத்தியம். முன்பெல்லாம் சனிக்கிழமையானால் டவுனிலிருந்த கிளப்புக்குப் போய்விடுவார். சாலையில் காட்டுக்காரர்கள் பதுங்கியிருந்து சுட ஆரம்பித்த பிறகு அது நின்றுபோனது. மனிதர் கூண்டுக்குள் அடைபட்டவர் மாதிரி பங்களா வாசலில் நடந்துகொண்டே இருந்தார். பிறகு ஒருநாள், பங்களாவுக்கு முன்னால் ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளி போட்டிருந்த நிலத்தைப் புல் வெட்டி, பந்து விழும் குழிகளாக மூன்று இடத்தில் பால் டின்களைப் புதைத்து, ஒரு மைதானம் செய்தார். ஆட எதிராள் வேண்டுமே. தோட்டத்தில் வேறு வெள்ளைக்காரர் இல்லை. என்னையும், தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டிருந்த டிரெசரையும் கூப்பிட்டார். "கிராணி வரணும். டிரெசர் வரணும். அடிக்கணும்," என்றார். அப்படித்தான் நாங்கள் இருவரும் கோல்ஃப் ஆட்டக்காரர்கள் ஆனோம். லயத்தில் இதைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. அவர்களுக்கு அந்தச் சாமான்கள் எல்லாம் 'தொரை தடி', அவ்வளவுதான்.

துரையின் தமிழைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தோட்டத்துத் துரைமார்கள் தமிழ் கற்றுக்கொண்டுதான் வருவார்கள். ஆனால் அந்தத் தமிழில் மனிதருக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் கிடையாது, எல்லாமே 'அது'தான். "மண்டோர் எங்கே போச்சு?" "டிரெசர் வந்துச்சா?" "அந்தக் கிராணி ரொம்ப சோம்பேறி, அது தூங்குது." முதலில் எரிச்சலாக இருக்கும். பிறகு சிரிப்பாக இருக்கும். பிறகு நாங்களே எங்களுக்குள் அவரைப் போலப் பேச ஆரம்பித்துவிட்டோம். டிரெசர் என்னைப் பார்த்தால், "கிராணி சாப்பிட்டுச்சா?" என்பார். நான், "சாப்பிட்டுச்சு. டிரெசர் ஊசி போட்டுச்சா?" என்பேன். லயத்திலும் இந்த வேடிக்கை பரவியிருந்தது. தோட்டம் முழுவதும் மனிதர்களை அஃறிணையில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அதில் ஒரு ஆபத்து இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

துரையிடம் இரண்டு டிரைவர்கள் இருந்தன. ஒன்று யுத்தத்துக்கு முந்தியது. மரக்கம்பு, மரத்தலை, பிடியில் சுற்றியிருந்த தோல் மக்கிப்போயிருந்தது. கழுத்தில் சுற்றிய நூல் அவிழ்ந்து விழ, டிரெசர் ஆஸ்பத்திரித் தையல் நூலால் அதைக் கட்டிவைத்திருந்தார். அதைத்தான் துரை எங்களுக்குக் கொடுத்தார். ஆறடிக்கு மேல் உயரமான மனிதனுக்குச் செய்த தடி அது. நானோ ஐந்தடி மூன்றங்குலம். முனையைப் பிடித்தால் தடி என்னை ஆட்டியது. கீழே தள்ளிப் பிடித்தால் மிச்சக் கம்பு வயிற்றில் இடித்தது. நான் அடித்த பந்து நேராகக் கிளம்பும், பாதி வழியில் ஏதோ ஞாபகம் வந்தது போல வலது பக்கம் வளைந்து வேலியைத் தாண்டிக் காட்டோரம் போய் விழும். அங்கே போய் எடுக்க முடியாது. "தல தூக்காதே. பந்து பாக்கணும்," என்று துரை கத்துவார். நான் பந்தைத்தான் பார்த்தேன். பந்து காட்டைப் பார்த்தது.

இரண்டாவது, சிங்கப்பூரிலிருந்து தபாலில் வந்த புது டிரைவர். இரும்புக் கம்பு, ஒயின் நிறத்தில் பளபளவென்று மரத்தலை, அடிக்கிற முகத்தில் சிவப்பாக ஒரு சதுரம். துரை அதைத் துணியில் சுற்றி வைத்திருப்பார். "இது தொடாதே," என்று சொல்லியிருந்தார். கோல்ஃப் ஆடுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மோசமாக அடிக்கிறவனை வாட்டுகிற கேள்வி ஒன்றுதான். தப்பு என்னிடமா, தடியிடமா? அதைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது. எனக்கும் வரவில்லை. டிரெசர் சின்னத் தடி ஒன்றை வைத்துக்கொண்டு அடக்கமாக நேராக அடித்துக்கொண்டிருந்தார். "உன் உயரத்துக்கு அது வேணாம் தம்பி. தூரத்துக்கு ஆசப்படாத," என்பார். நான் கேட்கவில்லை. அந்தப் புதுத் தடி கையில் கிடைத்தால் பந்து நேராகப் போகும் என்று நிச்சயமாக நம்பினேன்.

துரை ஓய்வுக்காக இரண்டு வாரம் மலைக்குப் போனார். போன மூன்றாம் நாள் சாயங்காலம் நான் பங்களாவுக்குப் போய், சமையல்காரரிடம் ஏதோ கணக்கு நோட்டு எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, புது டிரைவரை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தேன். டிரெசர் தலையில் அடித்துக்கொண்டார், ஆனாலும் கூட நின்றார். முதல் அடி. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, அவ்வளவு இனிமை. பந்து நேராகப் போனது, பிறகு வலது பக்கம் வளைந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் கோபம் வந்து ஓங்கி அடித்தேன். புல்லுக்கடியில் ஒரு பழைய வேர் இருந்திருக்கிறது. தடியின் தலையில் கழுத்தை ஒட்டி ஒரு நகத்தளவுக்கு விரிசல் விட்டுவிட்டது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் டிரெசரைப் பார்த்தேன். முந்தின கிராணி, பங்களா கிராமபோனை அனுமதியில்லாமல் தொட்டதற்காக ஒரே நாளில் வீட்டைக் காலி செய்து போனவர். அந்த வேலைதான் எனக்குக் கிடைத்திருந்தது. பயத்தை மறைக்க எங்கள் வழக்கமான கேலிக் குரலில் பேசினேன். சொன்ன வார்த்தைகள் அப்படியே ஞாபகம் இருக்கின்றன. "புது டிரைவர நம்பி ஏமாந்துட்டேன். அதுவும் காட்டுப் பக்கம்தான் போவுது. தொரை வர்றதுக்குள்ள விசயத்த அமுக்கிடணும்." டிரெசர், "வெளிய சொல்லிடாத," என்றார். பக்கத்தில் மருந்து வாங்க ஒரு மண்டோர் நின்றிருந்தார். வேலைக்காரர்களை மேய்க்கிற மேஸ்திரி. அவருடைய தம்பியை ஆறு மாதத்துக்கு முன்னால் காட்டுக்காரர்கள் மரத்தில் கட்டிச் சுட்டிருந்தார்கள். அவர் எங்களைப் பார்த்தார், மருந்தை வாங்கிக்கொள்ளாமலே போனார். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

தோட்டத்தில் அப்போது இன்னொரு புது டிரைவர் இருந்தார். லோரி டிரைவர். அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து மனைவியோடு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. டவுனிலிருந்து அரிசி ஏற்றி வருவது அவர் வேலை. வாய்விட்டுச் சிரிக்கிற ஆள். லோரி வரும் முன்பே அவர் பாட்டு வந்துவிடும். அன்று மத்தியானம் கேட்டிலேயே லோரியை நிறுத்தி அவரை இறக்கி, கையில் விலங்கு போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். தோட்டமே வாசலில் நின்று பார்த்தது. அவர் எங்கள் ஆபீஸைப் பார்த்து, "கிராணியாரய்யா, நீங்க சொல்லுங்கய்யா இவங்ககிட்ட," என்று கத்தினார். படித்தவன் நான் ஒருவன்தானே, அதனால் கூப்பிட்டார். வேறு ஒன்றும் அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் சாதாரண உடுப்பில் ஒரு தமிழ்ப் போலீஸ்காரர் ஆபீசுக்கு வந்தார். "புது டிரைவர் காட்டுப் பக்கம் போறான்னு நீங்க சொன்னீங்களாமே?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் 'போவுது' மண்டோர் வாயில் 'போறான்' ஆகிவிட்டிருந்தது. ஒரு தடியைப் பற்றி நான் சொன்னதை, துரைத் தமிழ் என்று எடுத்துக்கொண்டு, அந்த மனிதர் ஒழுங்காக உயர்திணைக்கு மாற்றியிருக்கிறார். ஒரு நிமிடப் பேச்சில் எல்லாவற்றையும் சரி செய்திருக்கலாம். பங்களாவுக்குக் கூட்டிப்போய்த் தடியைக் காட்டியிருக்கலாம். காட்டினால் விரிசலையும் காட்ட வேண்டும். "நான் அப்படிச் சொல்லல," என்றேன். இலக்கணப்படி அது பொய் இல்லை. "பயப்படாதீங்க. காட்டுக்காரனுக்குப் பயந்துகிட்டுத்தான் எல்லாரும் இல்லேங்கிறாங்க. நாங்க பாத்துக்கிறோம்," என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். என் மறுப்பு அவருக்கு இன்னொரு சாட்சியாகிவிட்டது.

டிரெசர் அன்றே வந்தார். "ஒரு தடிக்காக ஒரு ஆள உள்ள வச்சிருக்காங்க தம்பி. வா, ரெண்டு பேரும் போயிச் சொல்லிடுவோம்." நான், "தொரை வரட்டும். தொரை சொன்னாத்தான் போலீஸ் கேக்கும்," என்றேன். அது நியாயம் போலவே இருந்தது. டிரெசர், "அதுவும் சரிதான்," என்றார். அவருக்கும் நாலு பிள்ளைகள். என் பயத்தின் குடைக்குள் அவரும் ஒதுங்கிக்கொண்டார். அதன் பிறகு நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் 'அது' என்று கூப்பிட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் லோரி டிரைவரின் மனைவி ஆபீசுக்கு வந்தார். என்னைவிடச் சின்னப் பெண். லயத்தில் யாரும் தன்னோடு பேசுவதில்லை, தண்ணீர்க் குழாயில் தான் நின்றால் மற்றவர்கள் விலகிப்போகிறார்கள் என்று சொன்னார். அழவில்லை. "இங்கிலீசுல ஒரு மனு எழுதிக் குடுங்கய்யா. அவரு பூச்சி புழுவுக்குக்கூடத் தீங்கு நெனைக்காத மனுசன்னு எழுதுங்க. உங்க கையால எழுதினா நல்லாயிருக்கும்," என்றார். எழுதினேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல இங்கிலீஷ் நான் எழுதியதில்லை. அவர் நேர்மையானவர், உழைப்பாளி, லோரியில் ஒரு மணி அரிசி குறைந்ததில்லை என்று இரண்டு பக்கம் தட்டச்சு செய்தேன். ஒரே ஒரு விஷயம் மட்டும் அதில் இல்லை. அந்தப் பெண் கையெழுத்துப் போடத் தெரியாமல் கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்துவிட்டு, என்னைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். இதை எழுதும்போதும் அந்தக் கையை நினைத்தால் கூசுகிறது.

ஒன்பதாம் நாள் துரை திரும்பினார். ஜீப்பிலிருந்து இறங்கிக் குளித்துவிட்டு அவர் செய்த முதல் காரியம், அந்த டிரைவரைத் துணியிலிருந்து எடுத்தது. ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். விரிசலைக் காட்டி, "இது எப்படி?" என்றார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவர் தடியைப் பற்றி மேலே ஒன்றும் கேட்கவில்லை. "லோரி டிரைவர் எப்போ போச்சு?" என்றார். ஒன்பது நாள் என்றேன். அதுவரை என்னிடம் தமிழைத் தவிர வேறு பேசாதவர், அன்று இங்கிலீஷில் மெதுவாக, இத்தனை நாளும் எனக்காகவா காத்திருந்தாய் என்று கேட்டார்.

ஜீப்பில் என்னை ஏற்றிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனார். நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க வைக்கிற கதையின் கடைசிக் காட்சி இதுதான். துரை அந்தத் தடியை வெள்ளைக்கார அதிகாரியின் மேசைமேல் வைத்து, "இதோ, காட்டுப் பக்கம் போகிற டிரைவர். இதைப் பிடித்து அடையுங்கள்," என்றார். அதிகாரி முதலில் விழித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். வாசலில் நின்ற காவலர்கள் வரை சிரித்தார்கள். எல்லோரும் சிரிக்கும்போது நாமும் சிரிக்காவிட்டால் நன்றாயிருக்காது என்று நானும் சிரித்தேன்.

லோரி டிரைவரை வேறு ஊர்ச் சிறைக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். காகிதங்கள் ஒவ்வொரு மேசையாக நகர்ந்து அவர் வெளியே வர மேலும் பதினோரு நாள் ஆனது. வரும்போது மெலிந்திருந்தார். இடது காது கேட்கவில்லை. ஹாரன் கேட்காத ஆளுக்கு யார் லோரி கொடுப்பார்கள்? அந்த மாதமே மனைவியைக் கூட்டிக்கொண்டு அசாம் ஜாவாவுக்குத் திரும்பிப் போய்விட்டார். எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. துரை என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை, சம்பளத்தில் பிடிக்கவில்லை. விரிசலுக்குப் பசை போட்டு ஒட்டி அதே டிரைவரால் அடித்துக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு மட்டும் மறுபடி என்னைக் கூப்பிடவில்லை. நான் எதற்குப் பயந்து ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

பல வருடம் கழித்து, அவசரகாலமெல்லாம் முடிந்த பிறகு, எனக்குக் கோல சிலாங்கூரில் வேலை கிடைத்து இந்தப் பக்கம் குடிவந்தேன். ஒருநாள் அசாம் ஜாவாவில் சாலையோரம் ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடை. உள்ளே அந்த அம்மாள், லோரி டிரைவரின் மனைவி. என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டு, கடையில் இருந்தவர்களிடமெல்லாம், "இவருதான் மனு எழுதி எங்க வீட்டுக்காரர வெளிய கொண்டாந்தவரு. இவரு இல்லேன்னா நாங்க கப்பல்ல போயிருப்போம்," என்றார். டிரைவர் பின்னாலிருந்து வந்தார். தலை நரைத்திருந்தது. கோல்ஃப் தடிக் கதை அவருக்கும் வந்து சேர்ந்திருந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் அது பரவிவிட்டிருந்ததே. "ஒரு தடிக்கு எம் பேர வச்சிட்டீங்களேய்யா," என்று பழையபடி வாய்விட்டுச் சிரித்தார்.

சிரித்து முடித்துவிட்டு, கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு நெனச்சிருந்தேங்கய்யா. என்னப் புடிச்சிட்டுப் போயி எத்தனையாம் நாளு நீங்க போயி விசயத்தச் சொன்னீங்க?"

"மறுநாளே," என்றேன். யோசிக்கவே இல்லை.

அவர் கை இடது காதுக்குப் போனது. "அப்ப தெரிஞ்சேதான் அடிச்சிருக்கானுங்க. காதுல அடிச்சது நாலாம் நாளு. அதான் கேட்டேன்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்னய்யா செய்வீங்க, உங்களால ஆனத மறுநாளே செஞ்சிட்டீங்க," என்றார். அந்த அம்மாள் தேத்தண்ணியை முதலில் என்னிடம்தான் நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

அவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அந்த அம்மாள் இருக்கிறார், அதே கடைக்குப் பின்னால் உள்ள வீட்டில், மகனோடு. என் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். அவரிடமாவது போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்து இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்னும் போகவில்லை.